கோப்பு காணாமற்போனால் முதலில் கையை எடுங்கள்: கணினிக் கேள்வி பதில்

தவணைப் பரீட்சையும் ஆய்வுக் கட்டுரைக் காலக்கெடுவும் ஒன்றாக வந்துவிட்டன. இம்முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் ஒரே விடயத்தைப் பற்றியவை: அடித்த கோப்பைக் காணவில்லை. ஒவ்வொருவருக்கும் அது போன வழி வேறு, ஆகவே மீட்கும் வழியும் வேறு. எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கோப்பு எந்த டிரைவில் இருந்ததோ, அந்த டிரைவில் அதன் பிறகு எதையும் எழுதாதீர்கள். மென்பொருள் இறக்குவதும், படம் கொப்பி பண்ணுவதும், புதிதாக அடித்து சேவ் பண்ணுவதும் எழுதுவதுதான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை: தரம் 10 வரலாறு வினாத்தாளை வேர்டில் அடித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது. மூன்று பக்கம் முடிந்திருந்தது. ஒருமுறைகூட சேவ் பண்ணவில்லை. கரண்ட் வந்தபின் வேர்டைத் திறந்தால் வெற்றுப் பக்கம்தான் வருகிறது. இனித் திரும்ப அடிக்கத்தான் வேண்டுமா?

பொறுங்கள் டீச்சர், இன்னும் அடிக்கத் தொடங்க வேண்டாம். நீங்கள் சேவ் பண்ணாவிட்டாலும் வேர்ட் தன்பாட்டில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பிரதியை எடுத்து வைக்கும். அதற்கு ஓட்டோரெக்கவர் என்று பெயர். மூன்று பக்கம் அடிக்க 10 நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்கும் என்பதால் பெரும்பகுதி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடைசிச் சில நிமிடங்களில் அடித்தது மட்டும் இராது.

வேர்டைத் திறந்து பைல், இன்போ, மெனேஜ் டொகியுமென்ட், ரெக்கவர் அன்சேவ்ட் டொகியுமென்ட்ஸ் என்ற வரிசையில் போங்கள். ஒரு போல்டர் திறக்கும். அதிலுள்ளவற்றைத் திகதிப்படி அடுக்கி, கரண்ட் போன நேரத்துக்குக் கிட்டிய கோப்பைத் திறந்து, உடனே வேறு பெயரில் சேவ் பண்ணுங்கள். பெயரே வைக்காத கோப்புகளை ஒபிஸ் இந்தப் போல்டரில் 4 நாட்கள் மட்டுமே வைத்திருக்கும். இந்த வசதி வேர்ட் 2010 முதல்தான் உண்டு. பாடசாலைக் கணினியில் 2007 இருந்தால் இந்த மெனுவைத் தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம்.

அங்கே இல்லையென்றால் விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே அப்டேட்டா (appdata) என்று இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். திறக்கும் இடத்தில் மைக்ரோசொப்ட், அதற்குள் வேர்ட். அங்கே ஏஎஸ்டி என்று முடியும் கோப்பு இருந்தால் முதலில் அதை டெஸ்க்டொப்புக்குக் கொப்பி பண்ணுங்கள். இரட்டைக் கிளிக் செய்தால் பெரும்பாலும் திறக்காது. வேர்டில் பைல், ஓபன், பிரவுஸ் போய், கோப்பு வகையை ஓல் பைல்ஸ் என்று மாற்றிவிட்டுத் திறவுங்கள்.

கரண்ட் வந்த பிறகு வேர்ட் தானாகவே இடது பக்கத்தில் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவதும் உண்டு. பலர் அதை வாசிக்காமல் குளோஸ் பண்ணிவிடுகிறார்கள். அப்போது, பிறகு பார்க்க வைத்திருக்கவா, நீக்கவா என்று ஒரு கேள்வி வரும். அதில் நீக்கு என்பதைத் தெரிவுசெய்தால் மேலே சொன்ன இடங்களிலும் அது இராது.

சில கணினி ஆய்வுகூடங்களில் டீப் பிரீஸ் என்ற மென்பொருளைப் போட்டிருப்பார்கள். கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சி டிரைவைப் பழைய நிலைக்கே அது கொண்டுபோய்விடும். கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான், ஓட்டோரெக்கவர் பிரதியும் சேர்ந்து போய்விடும். நீங்கள் அடித்தது அப்படியான கணினியிலென்றால் தேட வேண்டாம். அங்கே வேலை செய்யும்போது பென்டிரைவிலோ அவர்கள் ஒதுக்கிய டிரைவிலோதான் சேவ் பண்ண வேண்டும்.

இனிமேலுக்கு: பைல், ஒப்ஷன்ஸ், சேவ் என்ற இடத்தில் 10 என்றிருக்கும் நிமிடத்தை 2 ஆக்குங்கள். முதல் வரியை அடிக்க முன்பே கோப்புக்குப் பெயர் வைத்து சேவ் பண்ணுங்கள். டெஸ்க்டொப் கணினியென்றால் 650 விஏ யூபிஎஸ் ஒன்று சேவ் பண்ணி ஓவ் பண்ணும் அவகாசத்தைத் தாராளமாகத் தரும். அதன் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும். ஆகவே சோதிப்பதென்றால் எல்லாக் கோப்பையும் மூடிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

ஒலுவிலில் தங்கிப் படிக்கும் மாணவர்: 16 ஜிபி பென்டிரைவைச் செருகியதும் போமட் பண்ணச் சொல்லிக் கேட்டது, ஓகே கொடுத்துவிட்டேன். ஆய்வுக் கட்டுரை முழுவதும் அதில்தான். குயிக் போமட் என்றுதான் இருந்தது.

குயிக் போமட் என்பது உங்களுக்கு நல்லது. அது கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணையை மட்டும்தான் புதிதாக்கும், உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். முழு போமட் என்றால் விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகளில் டிரைவ் முழுவதையும் பூச்சியத்தால் நிரப்பிவிடும், அதற்குப் பின் மென்பொருளால் ஆவதொன்றுமில்லை. பென்டிரைவைக் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். வேலை தொடங்கும்வரை எந்தக் கணினியிலும் செருக வேண்டாம்.

நாங்கள் பரிந்துரைப்பது போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள். இலவசம், திறந்த மூலம், டிரைவிலிருந்து வாசிக்கும், அதில் எதையும் எழுதாது. டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளுடன் ஒரே பொதியில் வரும். அதன் பெயரைப் பாவித்து ஏமாற்றும் தளங்களும் இருப்பதால் சிஜி செக்கியூரிட்டி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், இறக்குவது கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். பொதியை விரித்து கியூபோட்டோரெக் என்பதைத் திறந்தால் ஜன்னலோடு வரும், கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தேவையில்லை. மேலே பென்டிரைவைத் தெரியுங்கள். 16 ஜிபி என்று காட்டுகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பட்டியலில் அதன் பகுதியைத் தெரிந்து, எப்ஏடி, என்டிஎப்எஸ் என்று எழுதிய வகையில் விட்டு, தேடும் பரப்பை ஹோல் என்று வையுங்கள். பைல் போமட்ஸ் பட்டனில் எல்லாவற்றையும் நீக்கி, சிப், டொக் என்ற இரண்டை மட்டும் தெரியுங்கள். டொக்ஸ் கோப்புகள் சிப் குடும்பத்தில்தான் அடங்கும், இது தெரியாமல் பலர் டொக்கை மட்டும் தெரிந்துவிட்டு ஒன்றுமில்லை என்று கைவிடுகிறார்கள். மீட்டவற்றை வைக்கும் இடம் கட்டாயம் வேறொரு டிரைவாக இருக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 பென்டிரைவ் நொடிக்கு 20 எம்பி வாசித்தாலும் 16 ஜிபிக்குக் கால் மணித்தியாலம் அளவில் போகும்.

முடிவில் ரெக்கப் என்று தொடங்கும் போல்டர்களில் எப் எழுத்தும் நீண்ட எண்ணும் கொண்ட பெயர்களில் கோப்புகள் கிடக்கும். உங்கள் பழைய பெயர்களைத் தேடாதீர்கள், அவை அட்டவணையோடு போய்விட்டன. வேர்ட் நீங்கள் சேவ் பண்ணும் ஒவ்வொரு முறையும் பழையதன் மேல் எழுதுவதில்லை. புதிய கோப்பொன்றை எழுதிவிட்டுப் பெயரை மாற்றி வைக்கும். அதனால் உங்கள் கட்டுரையின் பல பழைய பதிப்புகள் பென்டிரைவின் வெவ்வேறு இடங்களில் இருந்து ஒன்றாக வெளிவரும். அளவை வைத்து இறங்குவரிசையில் அடுக்கி, பெரியதிலிருந்து திறந்து பாருங்கள். ஒன்று பழுதாக இருந்தாலும் நேற்றைய பதிப்பு நன்றாகத் திறக்கலாம். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்புகள் மட்டும் பழுதாகத்தான் வரும்.

போமட் கேள்வி வந்ததற்கான காரணம், பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கையில் பென்டிரைவைப் பிடுங்கியதுதான். அப்படிக் கேட்டால் கான்சல் கொடுங்கள். இன்னொன்று: மிகக் குறைந்த விலைக்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கப்படும் பென்டிரைவ்களில் உண்மையான கொள்ளளவு சிலவேளை 8 அல்லது 16 ஜிபிதான். அதற்கு மேல் எழுதியவை எங்கும் பதிவாகவே இல்லை. எந்த மென்பொருளும் அவற்றைத் தராது.

காத்தான்குடி வாசகர்: ஜமாஅத் குடும்ப விபரங்கள் அடங்கிய பழைய டொக் கோப்பு திறக்கவில்லை. ஒரு கடையில் திறந்து பார்த்தார்கள், வெறும் ஆங்கிலக் குப்பையாக வருகிறது, வைரஸ் தின்றுவிட்டது, அழித்துவிடுங்கள் என்றார்கள்.

அழிக்க வேண்டாம். அது குப்பையா, பாமினியா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில்தான் அடித்தார்கள். அதில் தமிழ் என்ற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கும். அரைப்புள்ளிதான் மெய்யெழுத்துப் புள்ளி. ஆகவே கொத்துக் கொத்தாக அரைப்புள்ளிகள் வருகிறதென்றால் அநேகமாக உங்கள் பட்டியல் உயிரோடுதான் இருக்கிறது. எல்லாவற்றையும் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினி ஆக்கினால் வாசிக்கலாம்.

கோப்பே திறக்காவிட்டால், பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு, வேர்டில் ஓபன் பட்டனின் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியில் ஓபன் அன்ட் ரிப்பெயர் என்பதைக் கொடுங்கள். அதுவும் சரிவராவிட்டால் கோப்பு வகைப் பட்டியலில் ரெக்கவர் டெக்ஸ்ட் ஃபுரொம் எனி பைல் இருக்கிறது. அட்டவணைக் கோடுகள் போய், எழுத்து மட்டும் வரும். வேலை முடிந்ததும் கோப்பு வகையைத் திரும்ப மாற்றிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து திறக்கும் நல்ல கோப்பும் குப்பையாகத் தெரியும்.

டொக்ஸ் கோப்புக்கு இந்த முறை உதவாது, ஏனெனில் உள்ளே சுருக்கப்பட்டிருக்கும். பிரதியின் பெயரின் முடிவை சிப் என்று மாற்றி, செவன்சிப் மென்பொருளால் விரித்து, வேர்ட் போல்டருக்குள் இருக்கும் டொகியுமென்ட் எக்ஸ்எம்எல் என்ற கோப்பை எடுத்துப் பாருங்கள். எழுத்தின் பெரும்பகுதி அதில்தான் இருக்கும்.

கல்முனையிலிருந்து: பழைய கடிதத்தைத் திறந்து மாற்றி அடித்து, சேவ் ஆஸ் என்பதற்குப் பதிலாக சேவ் கொடுத்துவிட்டேன். பழையது வேண்டும்.

வேர்டை இன்னும் மூடவில்லையா? அப்படியானால் கொன்ட்ரோலுடன் இசட்டை அழுத்திக்கொண்டே போங்கள். சேவ் பண்ணிய பிறகும் அது பின்னோக்கிப் போகும். மூடியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக், புரொப்பர்டீஸ், பிரீவியஸ் வேர்ஷன்ஸ். பைல் ஹிஸ்டரி போன்ற காப்பு முன்பே இயக்கப்பட்டிருந்தால்தான் அங்கே ஏதும் இருக்கும். மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான வன்டிரைவில் (OneDrive) இருந்த கோப்பென்றால் வேர்ஷன் ஹிஸ்டரியில் பழையது கிடைக்கும்.

அலைக்குறியும் டொலர்க் குறியுமாகத் தொடங்கும் கோப்பு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் கடிதமில்லை. கோப்பை யார் திறந்திருக்கிறார் என்று வேர்ட் எழுதி வைக்கும் 162 பைட் குறிப்பு அது.

செங்கலடி மாணவி: போட்டோகொப்பிக் கடையில் செருகிய பிறகு பென்டிரைவில் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது.

கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. பென்டிரைவில் நிரம்பிய அளவைப் பாருங்கள், முன்பு போலவே இருக்கும். ஷோர்ட்கட்டைக் கிளிக் பண்ணாதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டுகிறது. போல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் சரிக்குறியையும் எடுத்துவிட்டால் மங்கலாகத் தெரியும். அவற்றை வைரஸ் ஸ்கேன் செய்த கணினிக்குக் கொப்பி பண்ணிவிட்டுப் பென்டிரைவைப் போமட் பண்ணுங்கள். இப்போது போமட் பண்ணலாம்.

வாழைச்சேனை வாசகர்: மார்கழி வெள்ளத்தில் மடிக்கணினி நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து ஓன் பண்ணிப் பார்க்கலாமா?

வேண்டாம். வெள்ளத்து நீரில் சேறும் உப்பும் இருக்கும். காய்ந்தால் அவை ஹார்ட் டிஸ்க்கின் தட்டுகளில் படிந்துவிடும், சுழலவிட்டால் வாசிக்கும் தலை தட்டைச் சுரண்டும். டிஸ்க்கைக் கழற்றி, காயவிடாமல் பிளாஸ்டிக் பையில் மூடி, தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறக்கும் வசதியுள்ள நிலையத்துக்குக் கொடுங்கள். டிக் டிக் என்று சத்தம் போடும் டிஸ்க்குக்கும் இதேதான், எந்த மென்பொருளையும் அதில் ஓட்ட வேண்டாம்.

திருக்கோவில்: மடிக்கணினியின் எஸ்எஸ்டியில் ஷிப்ட் டிலீட் கொடுத்துவிட்டேன். ஒரு மீட்பு மென்பொருள் கோப்பின் பெயரைக் காட்டுகிறது, பணம் கட்டினால் தருமாம்.

கட்டாதீர்கள். சுழலும் தட்டில்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டியில் அழித்தவுடன் விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்பும். அந்த இடங்களை டிஸ்க் தானே வெறுமையாக்கிவிடும். பெயர் மிஞ்சும், உள்ளே பூச்சியம்தான் இருக்கும்.

உங்கள் நேரத்தைப் பிரதி தேடச் செலவிடுங்கள். கடையில் பிரின்ட் எடுக்க வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஆண்ட்ரொய்ட் போனில் பைல் மெனேஜரைத் திறந்து, ஆண்ட்ரொய்ட், மீடியா, கொம் வட்ஸ்அப் (com.whatsapp), வட்ஸ்அப், அதற்குள் மீடியா, வட்ஸ்அப் டொகியுமென்ட்ஸ், சென்ட் என்று இறங்குங்கள். நீங்கள் அனுப்பிய கோப்புகள் அங்கே தனியாகக் கிடக்கும். போனில் அழித்திருந்தால் பெற்றவரின் போனிலோ, கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரிலோ இருக்கலாம், அவர்கள் துப்புரவாக்கும் முன் கேளுங்கள். ஜிமெயிலின் சென்ட் பெட்டியையும் பாருங்கள். கூகுள் டிரைவில் வைத்து அழித்ததென்றால் அதன் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் இருக்கும்.