கியர்பாக்ஸ் கேள்விகள்: தலையாட்டல், சூடு, ஆயில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆட்டோமேட்டிக் பற்றித்தான். 2014-ல் மாருதி செலிரியோவில் ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் கியர்பாக்ஸ்) வருவதற்கு முன்பு கிளட்ச் மிதிக்காமல் கார் ஓட்டுவது நம் ஊரில் வசதியானவர்கள் சமாச்சாரம். இப்போது முதல் காரே ஆட்டோமேட்டிக்காக வாங்குகிறார்கள். நல்லதுதான். காரோடு வரும் கையேட்டையும் ஒருமுறை திறந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: சார், எந்த ஆட்டோமேட்டிக் பெஸ்ட்? (திருப்பூர்)

செருப்புக் கடைக்காரர்கூட முதலில் கால் அளவு கேட்பார். பட்ஜெட், மாதம் எத்தனை கிலோமீட்டர், ஊருக்குள்ளா பைபாஸா, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்: இந்த நான்கையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கே: சோழிங்கநல்லூரில் வேலை. போக வர 40 கி.மீ., பாதி தூரம் ஊர்ந்துதான் போக வேண்டும். டெஸ்ட் டிரைவில் ஏஎம்டி தலையை ஆட்டிவிட்டது. சிவிடி மிதித்தால் கத்துகிறது. எதை எடுப்பது?

இப்படிக் கேட்டால் பதில் சொல்லவும் ஆசையாக இருக்கிறது. ஏஎம்டி என்பது அதே பழைய மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது கால் செய்த வேலையை ஆக்சுவேட்டர் என்ற ஒரு இயந்திரக் கருவி செய்கிறது. கியர் மாறும் அந்த அரை நொடி கிளட்ச் பிரிந்து இழுவை நின்றுவிடும், அதுதான் தலையாட்டல். மேனுவல் காரிலும் இது உண்டு. நாமே மிதித்து மாற்றும்போது உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுவதால் தெரிவதில்லை. ஏஎம்டியில் கியர் மாறப் போகிற நேரத்தில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். ஒரு வாரம் பழகினால் ஆட்டம் பாதியாகக் குறையும். மீதிப் பாதியோடுதான் வாழ வேண்டும்.

சிவிடியில் கியர் என்று படிப்படியாக எதுவும் கிடையாது. அகலம் மாறும் இரண்டு புல்லி, நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட். படி இல்லாததால் ஜெர்க்கும் இல்லை. ஆனால் ஓவர்டேக் செய்ய அழுத்தி மிதித்தால் எஞ்சின் சுற்று நாலாயிரம், ஐந்தாயிரம் என்று முதலில் ஏறி நிற்கும், வேகம் பின்னாலேயே வரும். ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி என்பார்கள். மிதியைப் பாதியோடு நிறுத்தி ஓட்டுகிறவருக்கு இந்தச் சத்தம் கேட்கவே கேட்காது.

நம்பகம் எப்படி? ஏஎம்டியில் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பல ஊர்களில் வெளி மெக்கானிக்கே மாற்றிவிடுவார். ஆக்சுவேட்டர் போனால்தான் செலவு. சிவிடி அடிக்கடி தொந்தரவு கொடுக்காது, கொடுத்தால் பெரும்பாலும் மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். நிஸான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களுக்கு சிவிடி வாரண்டியை 10 வருடம், 1.2 லட்சம் மைல் என்று நீட்ட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு இந்தத் தொழில்நுட்பம் நிறையவே தேறிவிட்டது. ஹோண்டாவின் சிவிடிகள் நம் ஊர் வெயிலில் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன, ஆயில் மாற்றுகிறவர்களிடம்.

உங்கள் சாலைக்கு சிவிடி. விலை வித்தியாசம் உறுத்தினால் ஏஎம்டி. கழுத்து உங்களுடையது.

கே: ஐஎம்டியும் ஆட்டோமேட்டிக் என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. அதில் கிளட்ச் பெடல்தான் கிடையாது. கியரை நீங்களேதான் போட வேண்டும். ஷோரூமில் வாய் தவறியா, தெரிந்தேயா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

கே: கோத்தகிரி ஏற்றத்தில் என் ஏஎம்டி பின்னால் உருள்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைக்கிறேன். தவறா?

தவறுதான். ஒவ்வொரு முறையும் கிளட்ச் பிளேட்டைத் தோசைக்கல்லில் வைத்துத் தேய்க்கிறீர்கள். பிரேக்கில் நில்லுங்கள். கிளம்பும்போது ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, கார் முன்னால் இழுப்பது தெரிந்ததும் விடுங்கள். ஹில் ஹோல்ட் இருந்தால் அது இரண்டு நொடிக்குத்தான் பிடிக்கும், செல்போனில் பேசி முடிக்கும் வரை அல்ல.

கே: கோவை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிசிடி (இரட்டை கிளட்ச்) கார், 45 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. ஓட்ட அவ்வளவு அருமை. ஆனால் காந்திபுரம் டிராஃபிக்கில் எரிந்த வாடை. ஒருமுறை கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கையும் வந்தது. விற்றுவிடவா?

ஓட்ட அருமையாகத்தான் இருக்கும். ஒரு கிளட்ச் மூன்றாவது கியரைப் பிடித்திருக்கும்போதே இன்னொன்று நான்காவதைத் தயாராக வைத்திருக்கும், மாறுவதே தெரியாது. பைபாஸில் இதற்கு இணை கிடையாது. ஊர்ந்து போகும் டிராஃபிக்தான் இதற்கு எமன், அதுவும் உலர் கிளட்ச் வகையாக இருந்தால். ஈர கிளட்ச் ஆயிலில் குளித்துக்கொண்டே வேலை செய்யும், சூடு ஆயிலோடு போய்விடும். உலர் கிளட்சில் சூட்டை வெறும் காற்றுதான் ஆற்ற வேண்டும்.

இதன் சரித்திரமும் கொஞ்சம் கரடுமுரடு. ஃபோக்ஸ்வேகன் தன் டிசிடிக்கு வைத்த பெயர் டிஎஸ்ஜி; அதன் கோளாறுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் ஏறக்குறைய 3.84 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஃபோர்டின் டிசிடியான பவர்ஷிப்ட் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒரு கோடி டாலர் அபராதம் போட்டது. நம் மறைமலை நகரில் தயாரான எக்கோஸ்போர்ட்டிலும் முதலில் டிசிடிதான் இருந்தது. 2017 மாடலில் சத்தமில்லாமல் டார்க் கன்வெர்ட்டருக்கு (ஆயில் வழியே இழுவையைக் கடத்தும் வழக்கமான ஆட்டோமேட்டிக்) மாறினார்கள். ஃபோக்ஸ்வேகன் டைகுனை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.0 எஞ்சினில் டார்க் கன்வெர்ட்டர், 1.5 எஞ்சினில் டிஎஸ்ஜி. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். ஒன்று கொஞ்சம் நிதானமாக, வழுக்கிக்கொண்டு கிளம்பும். இன்னொன்று கிளம்பும்போது தயங்கி, அப்புறம் பாயும்.

பயந்து விற்க வேண்டாம். சர்வீஸில் ஸ்கேனர் போட்டு கிளட்ச் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். டிராஃபிக்கில் முன் வண்டி ஓரடி நகர்ந்தால் நீங்களும் ஓரடி நகராதீர்கள். ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி விட்டு, ஒரே மூச்சில் போய் நில்லுங்கள். அந்த இடைவெளியில் ஒரு ஆட்டோ புகுந்துவிடும், தெரியும். புகட்டும். ஆட்டோ போனால் திரும்ப வரும், கிளட்ச் வராது. எச்சரிக்கை மறுபடி வந்தால் ஓரமாக நிறுத்தி, ‘பி’-யில் (பார்க்கிங்) போட்டு, எஞ்சினை ஓடவிட்டே ஆறவிடுங்கள்.

கே: சிக்னலில் ‘டி’-யிலேயே (டிரைவ்) நிற்கலாமா, நியூட்ரலா?

அரை நிமிடம் என்றால் ‘டி’, பிரேக்கை முழுதாக மிதித்து. அதற்கு மேல் என்றால் நியூட்ரல், ஹேண்ட்பிரேக். பிரேக்கைப் பாதி மிதித்து ஊர்ந்துகொண்டே நிற்பது எந்த வகைக்கும் ஆகாது.

கே: திருச்சி. 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், 82 ஆயிரம் கி.மீ. கியர் ஆயில் லைஃப்டைம், மாற்றவே வேண்டாம் என்கிறார் சர்வீஸ் அட்வைசர். பக்கத்து வீட்டுக்காரர் உடனே மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்யச் சொல்கிறார். யார் சரி?

இரண்டு பேருமே இல்லை. இந்த ‘லைஃப்டைம்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யாருடைய லைஃப்டைம்? முதலில் அதைக் கேளுங்கள். வாரண்டி முடியும் வரை கியர்பாக்ஸ் ஓடினால் கம்பெனியின் கணக்கு சரியாகிவிடும். நீங்கள் கார் வாங்கியது அதற்கு மேலும் ஓட்ட. ஆட்டோமேட்டிக் ஆயில் வெறும் வழுவழுப்புக்கு மட்டும் இல்லை. அதன் அழுத்தத்தில்தான் உள்ளே கிளட்ச்கள் பிடிக்கின்றன, சூட்டைச் சுமந்துபோய் ஆற்றுவதும் அதுவே. சூடு ஏற ஏற ஆயில் கெடும், தேய்ந்த துகள் அதில் மிதக்கும், அந்தத் துகள் வால்வ் பாடியின் (ஆயிலைத் தேவையான பக்கம் திருப்பிவிடும் பாகம்) நுண்ணிய துவாரங்களில் போய் உட்காரும். இதில் லைஃப்டைம் எங்கிருந்து வந்தது? கியர்பாக்ஸ் செய்து கொடுக்கிற ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனியே 80 ஆயிரத்திலிருந்து 1.2 லட்சம் கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே கியர்பாக்ஸை வாங்கிக் காரில் பொருத்தி விற்கிற கம்பெனிகளில் சில, மாற்றவே வேண்டாம் என்கின்றன. செய்தவரை நம்புவதா, விற்பவரை நம்புவதா?

ஹூண்டாய் கார்களின் கையேடுகளில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கும். சாதாரணப் பயன்பாட்டுக்கு ஆயில் பார்க்கவே வேண்டாம் என்று எழுதிய அதே புத்தகம், இந்தப் பட்டியலில் வருகிறவர்களை ஒரு லட்சம் கி.மீ. வாக்கில் மாற்றச் சொல்லும். யார் அந்தப் பட்டியலில்? 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான இடத்தில் ஓட்டுகிறவர்கள். தூசி சாலை, மலைப்பாதை, அடிக்கடி நின்று கிளம்புவது. ஐயா, திருச்சியில் 32 டிகிரி என்பது குளிர்காலம். நம் ஊரில் ஓடுகிற அத்தனை ஆட்டோமேட்டிக்கும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அட்வைசர் படித்தது முதல் பக்கம் மட்டும்.

நானும் ஒரு காலத்தில் இதே வார்த்தையை நம்பியவன்தான். என் பழைய காரை 1.3 லட்சம் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டினேன். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முதலில் லேசாக வழுக்கியது, பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி விழுந்தது. இறக்கிய ஆயில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது, கருகிய வாடையோடு. லைஃப்டைம் என்று சொன்ன அதே சர்வீஸ் சென்டரில் வால்வ் பாடிக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் விலைக்கு பில் போட்டார்கள். லைஃப்டைம் என்றீர்களே என்று கேட்டதற்கு, அது கியர்பாக்ஸின் லைஃப்டைம் சார் என்று ஒருவர் சிரிக்காமல் சொன்னார்.

சரி, ஃப்ளஷ்? 82 ஆயிரம் வரை தொடாத கியர்பாக்ஸில் மெஷின் அழுத்தம் கொடுத்தால் எங்கோ ஓரமாக அடங்கியிருந்த அழுக்கெல்லாம் கிளம்பி வால்வ் பாடிக்குப் போகும். வேண்டாம். கீழே போல்ட்டைத் திறந்து தானாக வடிகிறதை வடியவிட்டு, அதே அளவு புதிதாக ஊற்றச் சொல்லுங்கள். இதில் ஏறக்குறைய பாதி ஆயில்தான் வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். மூன்று, நான்காயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை இதையே செய்யுங்கள். அதன்பின் 60 ஆயிரத்துக்கு ஒருமுறை போதும். சிவிடிக்கு 40 ஆயிரம் என்று நான் வைத்துக்கொள்வது. ஆயில் மட்டும் புத்தகத்தில் போட்டிருக்கிற ரகமே வேண்டும். ஹோண்டா சிவிடி எச்சிஎஃப்-2 கேட்டால் எச்சிஎஃப்-2 தான். ‘எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்’ என்று நீட்டும் டப்பாவை வாங்கவே கூடாது. அளவு பார்ப்பதும் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது செய்கிற வேலை. கண்மதிப்பில் ஊற்றுகிறவரிடம் காரை விடாதீர்கள்.

கே: ஹைப்ரிட் காரில் இ-சிவிடி என்கிறார்கள். பெல்ட் அறுந்தால் எவ்வளவு செலவு?

செலவே இல்லை, அதில் பெல்ட்டே கிடையாது. டொயோட்டா ஹைகிராஸ், மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் இரண்டிலும் இருப்பது 1997 பிரியஸிலிருந்து டொயோட்டா பயன்படுத்தி வரும் முறை. ஒரு பிளானட்டரி கியர் செட், இரண்டு மோட்டார். பெயர்தான் சிவிடி. இன்று எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். மிதித்தால் இதுவும் கொஞ்சம் கத்தும்.

கே: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் நல்ல மைலேஜ் கிடைக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இப்படிச் செய்யலாமா?

எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் நியூட்ரலா! எந்தக் காரிலும் செய்யாதீர்கள். எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே தாங்கினால், பாதி மலையில் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். மைலேஜும் கிடையாது: கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடித்துக்கொண்டிருக்கும். ‘எம்’-மில் (மேனுவல்) போட்டு இரண்டாவது கியர், சிவிடி என்றால் ‘எல்’ அல்லது ‘எஸ்’.

கே: பேட்டரி இறங்கிவிட்டால் ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

முடியாது. ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். டோ செய்தால் எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள், அதாவது பெரும்பாலான கார்களில் முன் சக்கரங்கள், தரையில் உருளக் கூடாது. கயிறு கட்டி இழுக்க நாலு பேர் வருவார்கள். நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கே: ‘பி’-யில் போட்ட பிறகும் கார் சற்று நகர்ந்து ‘டக்’ என்று நிற்கிறது. கோளாறா?

வரிசைதான் கோளாறு. ‘பி’-யில் காரைப் பிடிப்பது விரல் அளவு இரும்புக் கொக்கி. மொத்த எடையும் அதில் தொங்குகிறது. பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், பிரேக்கை மெல்ல விட்டுக் கார் ஹேண்ட்பிரேக்கில் உட்காரட்டும், அப்புறம் ‘பி’. ‘டி’-யிலிருந்து ‘ஆர்’ (ரிவர்ஸ்) போடுகிறவர்களும் கார் முழுதாக நின்ற பிறகு போடுங்கள். இதை எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

கே: அப்பாவுக்கு 62 வயது. நாற்பது வருடம் மேனுவல் ஓட்டியவர், இப்போது ஏஎம்டி வாங்கியிருக்கிறோம். பழக்கதோஷத்தில் இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடுகிறார். என்ன செய்வது?

நாற்பது வருடம் கிளட்சை அடிவரை மிதித்த கால், அதற்கு நிதானம் தெரியாது. காலி மைதானத்தில் ஒரு மணி நேரம், இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டச் சொல்லுங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும். பக்கத்தில் நீங்கள் உட்காராதீர்கள். அப்பாக்கள் பிள்ளைகளிடம் பழக மாட்டார்கள். அவர் வயது நண்பர் யாரையாவது உட்கார வையுங்கள்.