பழைய பயனியர் ரிசீவர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியது, வாங்கிய பின் தொடக்கூடாதது

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய குடும்பம் ஒன்று பயனியர் எஸ்எக்ஸ்-780 ஸ்டீரியோ ரிசீவரை விற்கிறது. 22,000 ரூபாய் சொல்கிறார்கள். பல வருடமாகப் பரணில் கிடந்ததாம்; 'போட்டால் பாடும்' என்கிறார்கள். பின்னால் 120 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. தெரிந்த மெக்கானிக், டிரான்ஸ்ஃபார்மரை 230-க்கு மாற்றி எல்லாக் கண்டென்சரையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். எனக்கு ஓரளவு சால்டரிங் வரும். வாங்கலாமா? ஃபோனை இணைத்துப் பாட்டுக் கேட்க முடியுமா?"

வாங்கலாம். ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதென்றால் பாதி விலைக்கு மேல் போகவே வேண்டாம். மெக்கானிக் சொன்னதில், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றுவது கூடாது; கண்டென்சர் மாற்றுவது பாதிதான் சரி.

ரிசீவர் என்றால் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருப்பது. எஸ்எக்ஸ்-780 வந்தது 1978-ல். சேனலுக்கு 45 வாட். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் வரக்கூடிய உச்ச சக்தி) என்று ஆயிரக்கணக்கில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற பெட்டிகளைப் பார்த்த கண்ணுக்கு 45 சிறிதாகத் தெரியும். ஆனால் இது உண்மையான 45. அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் கொண்டுவந்த விதிப்படி, தொடர்ந்து தரக்கூடிய சக்தியை, எத்தனை ஓமில், எந்த அலைவரிசை வரை, எவ்வளவு டிஸ்டார்ஷனோடு என்பதையெல்லாம் சேர்த்துத்தான் விளம்பரத்தில் சொல்ல முடியும். நடுத்தரமான ஒரு ஹாலுக்கு 45 வாட் தாராளம்.

இந்த மாடலின் உயிர்நிலை அதன் அவுட்புட். தனித்தனி பவர் டிரான்சிஸ்டருக்குப் பதிலாக, சேனலுக்கு ஒன்றாக சான்யோவின் எஸ்டிகே-0050 என்ற பேக், சூட்டை இறக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கில் உட்கார்ந்திருக்கும். டிரான்சிஸ்டர்களையும் ரெசிஸ்டர்களையும் ஒரே கூட்டுக்குள் வைத்து மூடியது அது; உள்ளே ஒன்று போனால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். இப்போது அதைத் தயாரிப்பதில்லை. ஆன்லைனில் 'புதுசு' என்று மலிவாக வருவதில் போலிகள் நிறைய. மெல்லிய சத்தத்தில் நன்றாகவே பாடும், வால்யூமைக் கூட்டிய அன்று போய்விடும். தனி டிரான்சிஸ்டர்களை வைத்து, எஸ்டிகேயின் கால்கள் (பின்கள்) இருக்கும் அதே வரிசையில் செய்த மாற்று போர்டுகள் உண்டு. வேலை தெரிந்தவருக்கு அதுவே நல்ல வழி. ஆகவே நீங்கள் விலை கொடுப்பது மூன்று பொருளுக்கு: டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு எஸ்டிகே, கீறாத முகப்பும் டயல் கண்ணாடியும். மற்றதெல்லாம் பழுது பார்க்கக் கூடியவை.

பார்க்கப் போகும்போது ஒரு மல்டிமீட்டர், 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர், போனால் போகட்டும் என்கிற ஒரு ஸ்பீக்கர், ஒரு சீரிஸ் லேம்ப் கொண்டு போங்கள். சீரிஸ் லேம்ப் என்பது கரண்ட் ஒரு பல்பு வழியாகவே போகும்படி செய்த இணைப்பு; எந்த எலக்ட்ரீஷியனிடமும் இருக்கும். அதில் 100 வாட் குண்டு பல்புதான் போட வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. விற்பவர் ஆர்வக் கோளாறில் நேரே 230 பிளக்கில் சொருகிவிடாமல் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

கரண்ட் கொடுக்கும் முன் மேல் மூடியின் காற்றுத் துளைகளில் மூக்கை வைத்துப் பாருங்கள். தூசி வாடை பரவாயில்லை. கருகிய வார்னிஷ் வாடை என்றால் கிளம்பிவிடலாம். டார்ச் அடித்து ஃபியூஸ்களைப் பாருங்கள். யாராவது ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், அந்தப் பெட்டி ஏற்கெனவே ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். விலையில் அதைச் சேர்த்துப் பேசுங்கள்.

பிறகு சீரிஸ் லேம்ப் வழியாக ஸ்டெப்டவுனுக்குக் கரண்ட் கொடுத்து, அதன் அவுட்புட்டில் ரிசீவரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். அநேகமாக எஸ்டிகே, இல்லையென்றால் ரெக்டிஃபயர். உதிரிபாக விலைக்குக் கேளுங்கள், அல்லது கும்பிட்டுவிட்டு வாருங்கள். மங்கினால், லேம்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். சில வினாடிகளில் உள்ளே, ஸ்பீக்கரை இணைக்கும் ஸ்விட்சான ரிலே 'டிக்' என்று விழ வேண்டும். விழுந்ததும் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத டிசி எவ்வளவு கசிகிறது என்று ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் டெர்மினலிலும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. அதன்பின்தான் ஸ்பீக்கர்.

சத்தமே வரவில்லையா? உடனே உதடு பிதுக்க வேண்டாம், விற்பவரிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். முகப்பில் டேப் மானிட்டர் பட்டன் அழுந்தியிருந்தால், பின்னால் டேப் டெக் இல்லாதவரை எந்த ரிசீவரும் ஊமைதான். 'டெட்' என்று அடிமாட்டு விலைக்குப் போன ரிசீவர்களில் சில இந்தப் பட்டனால்தான் போயிருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் வந்து வந்து போவதும், வால்யூம் திருகினால் கரகரப்பதும் அநேகமாக அழுக்கு. அதற்காக விலை குறைத்துக் கேளுங்கள், ஆனால் பயப்படாதீர்கள்.

ஓட்டிக் காட்ட மறுத்தால், சொல்லும் விலையில் பாதிக்கு மேல் நான் போக மாட்டேன். ஸ்டெப்டவுனும் பாகங்களும் உங்கள் கைக்காசு.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்துக்கு வருவோம். ரிசீவர் டிரான்ஸ்ஃபார்மரில் அவுட்புட்டுக்கு, டியூனருக்கு, டயல் விளக்குகளுக்கு என்று தனித்தனி வோல்ட்டேஜில் பல சுற்றுகள் இருக்கும். அதை அப்படியே 230-க்குச் சுற்றித் தருவது எல்லாருக்கும் கைவராது; ஒரு சுற்று பிசகினால் மற்ற போர்டுகளும் சேர்ந்து போகும். நல்ல இரும்பு கோர் ஸ்டெப்டவுன், 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ளது, வெளியே வைத்துவிடுங்கள். பயணத்துக்கு விற்கும் எடை குறைந்த எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் கூடாது. 120-ஐ விட 110 தருவது நல்லது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஹெர்ட்ஸ் குறைந்தால் அதே வோல்ட்டேஜில் கோர் அதிகம் சூடாகும். வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்: 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. 110-ஐ 50-ஆல் வகுத்தால் 2.2, 120-ஐ 50-ஆல் வகுத்தால் 2.4. இந்த எண் 2-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சால்டரிங் அல்ல, சுத்தம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சர்களில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், ஒரு பவர் ரெசிஸ்டரை வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். வால்யூம், டோன் கண்ட்ரோல், ஸ்விட்சுகள் எல்லாவற்றிலும் டீஆக்ஸிட் போன்ற காண்டாக்ட் கிளீனரைத் துளி அடித்து, முப்பது நாற்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். டபிள்யூடி-40 வேண்டாம். முகப்பைத் துடைக்க வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கோலின் போன்றவற்றை அடித்தால் எழுத்து அழிந்தாலும் அழியும், அதைத் திரும்ப அச்சடிக்க ஆளில்லை.

கண்டென்சர்: பவர் சப்ளை போர்டில் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை வறண்டிருக்கும், அவற்றை மாற்றுங்கள். ரெகுலேட்டர் டிரான்சிஸ்டரைச் சுற்றி போர்டு சூட்டில் பழுப்பாகியிருந்தால் அங்கே சால்டரையும் புதுப்பியுங்கள். அடுத்து ஆம்ப் போர்டில் சிக்னல் பாதையில் உள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். நிச்சிகான், பானசோனிக், ரூபிகான் கம்பெனிகளின், 105 டிகிரி சூடு தாங்கும் வகையைப் போடுங்கள். மைக்ரோஃபாரட் அதே, வோல்ட்டேஜ் அதே அல்லது கூட. ஒரு போர்டு முடித்ததும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனையையும் மாற்றினால், எங்கே தப்பு நடந்தது என்று தேடவே ஒரு மாதம் ஆகும். டியூனர் பக்கம் போகவே வேண்டாம். அங்கே காயில்களில் இருக்கிற திருகை ஒரு சுற்றுத் திருப்பினாலும், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திரும்ப இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

அமெரிக்க மாடல் என்பதால் எஃப்எம் 88-லிருந்து 108 வரை இருக்கும், சூரியன் 93.5, மிர்ச்சி 98.3 எல்லாம் வரும். ஜப்பான் உள்நாட்டு மாடலில் டயல் 90-லேயே முடிந்துவிடும், அதுபோன்றதை யாராவது காட்டினால் யோசியுங்கள். ஒரு சின்னக் குறை: அமெரிக்க ஒலிபரப்பில் ட்ரெபிளைக் கையாளும் கணக்கு 75 மைக்ரோசெகண்ட், நமக்கு 50. அதனால் நம் நிலையங்கள் இதில் சற்று மந்தமாகக் கேட்கும். ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆன்டெனாவுக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் 'டி' வடிவ டைபோல் போதும்.

ஃபோனை ஆக்ஸ் சாக்கெட்டில் இணைக்கலாம்; இடையில் ஒரு புளூடூத் ரிசீவர் வைத்தால் ஒயரும் வேண்டாம். ஃபோனோ என்று எழுதியதில் மாட்டாதீர்கள், அது ரெக்கார்டு பிளேயருக்கானது. அதில் ஃபோனைக் கொடுத்தால் சத்தம் சிதைந்து அலறும். ஸ்பீக்கர் 8 ஓம். ஏ, பி இரண்டு ஜோடியையும் சேர்த்துப் போட்டால் ஆம்புக்குத் தெரிவது 4 ஓம். பழைய எஸ்டிகேவை நம்பி அந்த விளையாட்டு வேண்டாம்.