பரண்மேல் இருக்கும் பெட்டி

கேள்வி: எனக்கு வயது 41. மகளுக்கு 14, மகனுக்கு 11. திருமணத்துக்கு முன்பு என் உடைகளை நானேதான் தைத்துக்கொள்வேன். அத்தை கற்றுக்கொடுத்த வித்தை. கழுத்து வெட்டு, கையின் நீளம், எந்தத் துணியோடு எதைச் சேர்ப்பது என்று எல்லாவற்றிலும் எனக்கென்று ஒரு பாணி இருந்தது. "இது நீ தைத்ததுதானே?" என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மகள் பிறந்த பிறகும் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். மகன் தவழ ஆரம்பித்தபோது, எடுத்து வாயில் வைத்துவிடுவானோ என்று கத்தரிக்கோல், ஊசி, இஞ்ச் டேப் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. தையல் மெஷின், மடிக்க வேண்டிய துணிகளைக் குவிக்கும் மேசையாகிவிட்டது. வீட்டில் எந்நேரமும் வெளுத்துப்போன நைட்டிதான். உடம்பும் முன்புபோல் இல்லை. ஆன்லைனில் நான்கு உடைகள் வாங்கினேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். கணவர் தடுப்பதும் இல்லை, என்ன என்று கேட்பதும் இல்லை. நாத்தனார், "இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இனி யாருக்குக் காட்ட?" என்கிறார். போன வாரம் மகனின் பள்ளிப் பையில் தோள்பட்டை அறுந்துவிட்டது. ஊக்குக் குத்திக் கொடுத்து அனுப்பினேன். அன்று இரவு அழுதேன். பிள்ளைகளுக்காக என்னையே தொலைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. ஓய்ந்த நேரமே இல்லாத ஒரு தாய் தன் கலையையும் ரசனையையும் மீட்க என்ன வழி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மகனுக்கு 11 வயது என்று கடிதத்தின் தொடக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சில வரிகள் தள்ளி, அவன் தவழ ஆரம்பித்தபோது பரண் ஏறிய பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது என்கிறீர்கள். எழுதி முடித்த பிறகு இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தீர்களா? 11 வயதுப் பையன் ஊசியை எடுத்து வாயில் வைத்துக்கொள்வானா, சகோதரி?

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கத்தரிக்கோலைக் கைக்கு எட்டாமல் வைத்தது சரி. வைக்காமல் இருந்திருந்தால் அதற்காகத்தான் உங்களைத் திட்டியிருப்பேன். மூன்று வயதுவரை அந்தப் பயம் நியாயம். தாராளமாக ஐந்து வயதுவரை வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் ஆறு வருடங்கள் போயிருக்கின்றன. ஒட்டடை அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியை நகர்த்தி, தூசி தட்டி, திரும்ப அதே இடத்தில் வைத்திருப்பீர்கள். அப்போது பையன் வீட்டில்கூட இருந்திருக்க மாட்டான், பள்ளியில் இருந்திருப்பான். யாருக்குப் பயந்து திரும்ப வைத்தீர்கள்?

"பிள்ளைகளுக்காக என்னையே தொலைத்துவிட்டேன்" என்ற வரியைப் பல வருடங்களாகப் பல கடிதங்களில் படித்துவருகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் மனம் வலிக்கிறது. தையலை விடு என்று உங்கள் மகன் கேட்டானா? மகள் கேட்டாளா? கேட்காத கடனை அவர்கள் தலையில் எழுதிவிட்டு, இரவில் தனியாக உட்கார்ந்து அழுகிறீர்கள். அழுகைச் சத்தம் பக்கத்து அறைக்குப் போகாது என்று நினைக்க வேண்டாம். 14 வயதுப் பெண்ணுக்கு எல்லாம் கேட்கும். தன்னால்தான் அம்மா இப்படி ஆனாள் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனதில் விழுந்தால், அது எளிதில் இறங்காது.

குடும்பத்தை விட்டுவிட்டு உன்னைத் தேடிப் போ என்று எழுதுகிறவள் நானில்லை. எனக்குக் குடும்பம் பெரிது. பெற்ற பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதில் ஒரு பிடி குறைந்தாலும் தவறு என்றே சொல்வேன். அதனால்தான் உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் அத்தை கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த வித்தையை நீங்கள் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? வயிறு நிறையச் சாப்பாடு போடுவது கடமையென்றால், கையில் இருக்கும் வித்தையை அடுத்த கைக்கு மாற்றுவதும் கடமைதான்.

என் அம்மா நன்றாகத் தைப்பார். மெஷின் ஓடும் சத்தத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம். ஆனால் ஒருநாள்கூட எங்களை அதன்முன் உட்கார விட்டதில்லை. "உங்களுக்குப் படிப்பு இருக்கிறது, இதெல்லாம் எதற்கு?" என்பார். அன்பினால்தான் சொன்னார். கழுத்துக்குக் கிராஸ் பட்டி வெட்டி, உள்பக்கம் திருப்பி, தையல் இருக்கும் இடமே தெரியாமல் முடிப்பார். நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருங்கி நிற்கும், குறுக்குச் சாய்வாக வெட்டினால்தான் துணி இழுபட்டு வளைவோடு படியும் என்பது எனக்குப் பிறகு யாரோ சொல்லித் தெரிந்தது. அம்மாவின் வாயால் கேட்க வேண்டியதை வெளியாளிடம் கேட்டுக்கொண்டேன். அவர் போய்ப் பல வருடங்களாகியும் அந்தக் குறை எனக்கு ஆறவில்லை. உங்கள் மகளுக்கு இந்தக் குறையைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி, பெட்டி ஏன் இறங்கவில்லை என்பதற்கு வருவோம். உள்ளே இருப்பதாக நீங்கள் எழுதியவை மூன்று: கத்தரிக்கோல், ஊசி, இஞ்ச் டேப். முதல் இரண்டும் குழந்தையைக் குத்தும், வெட்டும். இஞ்ச் டேப் என்ன செய்யும்? அதையும் ஏன் மேலே ஏற்றினீர்கள்? எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன் என்பீர்கள், இருக்கட்டும். ஆனால் கொஞ்சம் தள்ளி, "உடம்பும் முன்புபோல் இல்லை" என்று மூன்றே வார்த்தைகளில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். அடுத்த வரியில் நான்கு உடைகள் பொருந்தவில்லை என்கிறீர்கள். பத்து வருடமாக உங்களைக் குத்திக்கொண்டிருப்பது ஊசி இல்லையென்று நான் நினைக்கிறேன். அந்த டேப்பை இடுப்பைச் சுற்றிப் போட்டு எண்ணைப் படிக்க நீங்கள் தயாராக இல்லை. உங்கள் மகன் பாவம், பத்து வருடமாக அந்தப் பழியைச் சுமக்கிறான்.

இரண்டு பிள்ளைகளைச் சுமந்து பெற்ற உடம்பு 25 வயதில் இருந்ததுபோல் எப்படி இருக்கும்? மார்பளவு, இடுப்பளவு, வயிறு, தோள் எல்லாம் ஒரே கணக்கில் கூடாது. ஒன்று நான்கு அங்குலம் கூடியிருக்கும், இன்னொன்று அப்படியே இருக்கும். ரெடிமேட் உடையைச் செய்கிறவர்கள் ஓர் அடிப்படை அளவை வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் சேர்த்துப் பெரிதாக்குகிறார்கள். மார்புக்குச் சரியாக எடுத்தால் தோள் தொங்குகிறது, தோளுக்கு எடுத்தால் இடுப்பில் பிடிக்கிறது. எம், எல் என்ற எழுத்துகளுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அளவு. தைக்கத் தெரிந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? நான்கு முறை அட்டைப்பெட்டியைப் பிரித்து, போட்டுப் பார்த்து, கண்ணாடிமுன் மனம் உடைந்து, திரும்ப மடித்து ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உடையில் இருந்த குறையை உங்கள் உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஓய்ந்த நேரமே இல்லை என்றீர்களே, அந்த நான்கு உடைகளையும் தேடித் தேர்ந்தெடுத்துத் திருப்பி அனுப்பிய நேரத்தில் ஒரு சட்டைக்குத் துணியை வெட்டியிருக்கலாம்.

நேரத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன். துணி வெட்டுவதற்குத்தான் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டும். மற்றதெல்லாம் பாதியில் நிறுத்தக்கூடிய வேலை. இன்று தோள் மூட்டலாம், நாளை கழுத்து, இரண்டு நாள் கழித்துக் கை, வார இறுதியில் ஓரம் மடித்து ஹெம்மிங். நீங்கள் எழுந்து போனால் துணி காத்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கணவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் கேட்பதில்லை என்று குறைப்படுகிறீர்கள், நீங்கள் சொன்னதுண்டா? ஒரு மணி நேரம் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வது உதவியல்ல, அது அவருடைய வீடும்தான்.

முதலில் அளவெடுங்கள். தனியாக எடுக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். கையைத் தூக்கினால் டேப் மேலேறிவிடும், முதுகின் அகலத்தையும் தோளிலிருந்து இடுப்புவரை பின்பக்க நீளத்தையும் இன்னொரு கைதான் எடுக்க வேண்டும். அந்தக் கை உங்கள் மகளுடையதாக இருக்கட்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்காமல் நில்லுங்கள். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் சாதாரணமாக எழுதுங்கள். ஐயோ என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. இதை நான் கட்டளையாகவே சொல்கிறேன். கண்ணாடிமுன் நின்று தன் உடம்பைத் தானே குறை சொல்லத் தொடங்கும் வயதில் இருக்கிறாள் அவள். அம்மா தன் இடுப்பளவைக் கேட்டுவிட்டு, "சரி, தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டு வெட்ட வேண்டும்" என்று அடுத்த வேலைக்குப் போவதை அவள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பழைய காகித அளவுகள் பெட்டியில் இருந்தால் எடுத்துப்போட்டுவிடுங்கள். அவை வேறொரு பெண்ணுக்கு எடுத்தவை.

உங்கள் மனம் இப்போது ஒரு வழி சொல்லும்: முதலில் மகளுக்கு ஒன்று தைத்துக் கை பழகிக்கொள்ளலாமே என்று. கூடாது. முதல் உடை உங்களுக்கு. நீங்கள் ஆசைப்படும் நிறத்தில், உங்கள் பழைய கழுத்து வெட்டோடு. பருத்தித் துணியென்றால் வெட்டுவதற்குமுன் நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். முதல் சட்டை கோணலாக வரலாம். பத்து வருடம் ஓடாத கை. கோணலாக வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் நடமாடுங்கள். நைட்டியைத் தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; காலையில் எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் உடுத்தி நிற்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மெஷினையும் அப்படியே மிதிக்க வேண்டாம். இத்தனை வருடத்தில் உள்ளே இருந்த எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகளில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். கறுப்பாக வழிவதைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் இடத்தில் அடைந்திருக்கும் பஞ்சை ஒரு பிரஷ்ஷால் எடுங்கள். பெல்ட் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பழைய நூலைக் கையால் இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அது தூக்கியெறியத்தான். ஊசி புதிதாக இருக்கட்டும், நடுத்தரப் பருத்திக்கு 14-ஆம் எண். கடைசியில் ஒரு கிழிந்த துணியில் சிறிது நேரம் ஓட்டுங்கள், எண்ணெய்க் கறை அதோடு போய்விடும்.

நாத்தனாருக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. யாருக்குக் காட்ட என்று அவர் கேட்டதற்கு உங்களிடம் பதில் இல்லாததுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. வீட்டில் இரண்டு பேர் தினமும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெண் என்றால், தாய் என்றால் எப்படி என்று அவர்கள் கற்றுக்கொள்வது உங்களைப் பார்த்துத்தான். அவரும் ஒரு பெண். ஒருநாள் அவருக்கும் ஒன்று தைத்துக் கொடுங்கள். அளவெடுக்கும்போது அவர் பரணில் எதைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று தெரியவரும்.

கடைசியாக அந்தப் பள்ளிப் பை. ஊக்குக் குத்திய அன்று இரவு அழுதீர்கள் என்பதைப் படித்த பிறகுதான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குள் இருக்கும் தையல்காரிக்கு அந்த ஊக்கு பொறுக்கவில்லை. அவள் இன்னும் அங்கே இருக்கிறாள்.

இந்த வார விடுமுறையில் மகனைக் கூப்பிட்டு, பரண் ஏறிப் பெட்டியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். யார் கைக்கு எட்டக் கூடாதென்று வைத்தீர்களோ, அவனுக்கு இப்போது எட்டும். அவன் பையின் பட்டையை அவனே தைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கனத்த பட்டை என்பதால் 18-ஆம் எண் ஊசி போடுங்கள். முனையில் சதுரமாக ஒரு சுற்று, அதற்குள் பெருக்கல் குறிபோல் குறுக்கே இரண்டு தையல்; எவ்வளவு புத்தகம் ஏற்றினாலும் பிரியாது. தொடங்குவதற்குமுன் ஊக்கை மறக்காமல் கழற்றிவிடுங்கள். அதன்மேல் இறங்கினால் ஊசி உடைந்துவிடும்.