ஸ்டென்ட் வைத்த பிறகு பனி தள்ளலாமா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் 61 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஏழு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (அடைபட்ட இருதய நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். அஸ்பிரின், குளோபிடோகிரல், பிசோப்ரோலோல் எடுக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். எந்தத் தொந்தரவும் இல்லை. மகன் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிறான். ட்ரைவ்வேயில் விழும் பனியை நானே தள்ளலாமா?”

உங்கள் இருதய வைத்தியர் இந்த வேலையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அனுமதி தரும்வரை சவளைத் தொடாதீர்கள் என்பதே என் பதில். “நடக்கலாம், மாடிப்படி ஏறலாம்” என்று அவர் முன்பு சொல்லியிருந்தால், அந்த அனுமதி இதற்கும் சேர்த்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முக்கால் மணி நேரம் சிரமமின்றி நடக்க முடிவது நல்ல அறிகுறிதான். ஆனால் நடையில் உழைப்பவை கால்கள். பனி தள்ளும்போது கால்கள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, கைகளும் தோள்களும் முதுகும் பாரத்தைத் தூக்குகின்றன. அதே அளவு உழைப்பைக் கைகளால் செய்யும்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் கால்களால் செய்வதைவிடக் கூடுதலாக ஏறும். பாரத்தைத் தூக்கும் கணத்தில் நாம் அறியாமலே மூச்சைப் பிடிப்பதால் அழுத்தம் இன்னும் எகிறும். இவற்றோடு குளிரும் சேர்கிறது: தோலிலுள்ள நாளங்கள் சுருங்குவதால் இருதயம் கூடுதல் எதிர்ப்பை மீறி இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது, அதே வேளையில், ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இருதய நாளங்களும் குளிரில் சுருங்கக்கூடும். இருதயத்துக்கு அதிக ஒட்சிசன் தேவைப்படும் நேரமும் அது குறைவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆனால் ஆரோக்கியமான பத்து இளைஞர்களை ஈரப்பனி தள்ள வைத்துப் பார்த்தார்கள். இரண்டே நிமிடங்களில் அவர்களின் நாடித்துடிப்பு உச்ச அளவின் 85 வீதத்தைத் தாண்டியது. கியூபெக் மாகாணத்தின் 1981 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், 20 சென்றிமீற்றர் பனி பொழிந்த நாளுக்கு அடுத்த நாளில் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனியில்லாத நாட்களோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பெண்களிடம் அத்தகைய தெளிவான தொடர்பு தென்படவில்லை. சவளைப் பெரும்பாலும் யார் கையில் எடுக்கிறார்கள் என்பதே காரணமாக இருக்கலாம்.

எடையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு கார்கள் நிற்கும் ட்ரைவ்வே 6 மீற்றர் அகலமும் 8 மீற்றர் நீளமும் கொண்டது என்று வைத்தால், 15 சென்றிமீற்றர் பனியின் கனஅளவு 7 கனமீற்றருக்குச் சற்று மேல். உலர்ந்த புதுப்பனியானால் அது 700 கிலோவை ஒட்டியிருக்கும். ஈரம் ஏறிய பனியானால் 2,000 கிலோவையும் தாண்டும். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியிருக்கும் நாளை “இன்று குளிர் குறைவு, வெளியே இறங்கலாம்” என்று நினைப்பவர்கள் உண்டு. பாரத்தைப் பொறுத்தவரை அந்த நாள்தான் மோசமானது.

இதைவிட மோசமானது, நீங்கள் எல்லாவற்றையும் தள்ளி முடித்த பிறகு தெருவைத் துப்புரவாக்கும் வண்டி வந்து ட்ரைவ்வேயின் வாயிலில் குவித்துவிட்டுப் போகும் மேடு. உப்பும் சேறும் கலந்து, கட்டிகட்டியாக இறுகி, சவளின் விளிம்பு கூட உள்ளே இறங்காத கருஞ்சாம்பல் நிறப் பனி அது. களைத்த உடம்போடும் எரிச்சலோடும், கார் வெளியே போக வேண்டுமே என்ற அவசரத்தோடும் பலர் மோதுவது இதனோடுதான். வைத்தியர் அனுமதி தந்தாலும் இந்த மேட்டை நீங்கள் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மகன் மாலையில் வந்து வெட்டட்டும். அல்லது பனிக்காலம் முழுவதற்கும் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ரொறன்ரோ மாநகரசபை முதியோருக்கும் இயலாமை உள்ளவர்களுக்கும் பனி அகற்றலில் உதவும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. வைத்தியரின் சான்றோடு நீங்கள் விண்ணப்பிக்க முடியுமா என்று மாநகரசபையின் தொலைபேசி இலக்கமான 311ஐ அழைத்துக் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் உதவி கேட்கக் கூச்சப்படுவது நம்மவர்களிடம் அதிகம். இந்த விடயத்தில் அந்தக் கூச்சத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

வைத்தியரிடம் ட்ரெட்மில் பரிசோதனை (ஓடும் பட்டையில் நடக்க வைத்து இருதயத்தைச் சோதிப்பது) பற்றியும் பேசுங்கள். ஆனால் அது வெதுவெதுப்பான அறையில் கால்களால் செய்யப்படுவது. அதில் தேறியதை மட்டும் வைத்துக் குளிரில் பாரம் தூக்கலாம் என்று முடிவு செய்ய முடியாது. அவர் சம்மதித்தால், முதலில் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எழுந்ததும் வெளியே இறங்க வேண்டாம், ஏனெனில் காலை வேளையில் மாரடைப்புகள் பொதுவாகவே அதிகம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் மது அருந்திய பிறகும் கூடாது. மூக்கையும் வாயையும் ஸ்கார்ஃபால் மூடி, சிறிய சவளால் மெல்லிய படையாகத் தள்ளுங்கள், தூக்கி எறியாதீர்கள். ஐந்து நிமிடம் தள்ளினால் உள்ளே வந்து இளைப்பாறுங்கள். ஸ்னோ ப்ளோவர் சுமையைக் குறைக்கும், ஆனால் கயிறு இழுத்து இயக்கும் வகை உங்களுக்கு ஏற்றதல்ல.

பிசோப்ரோலோல் நாடித்துடிப்பை அடக்கி வைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி அளவு பார்க்க வேண்டாம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அஸ்பிரினும் குளோபிடோகிரலும் இரத்தம் உறைவதைத் தடுப்பதால், வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், தாடை, கை அல்லது மேல்முதுகில் வலி, குளிர்வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் சவளைப் போட்டுவிட்டு உட்காருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் களைப்பு மட்டும் வரலாம். “வாயுதான்” என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருப்பது பல உயிர்களைப் பறித்த பழக்கம். நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே தந்திருந்தால், அதை உள்சட்டைப் பையில் வைத்திருந்து, நாக்கின் கீழ் ஒருமுறை அடியுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி நீங்காவிட்டால் அல்லது கூடினால் 911ஐ அழையுங்கள். ஸ்ப்ரே இல்லாவிட்டால் உடனே அழையுங்கள். ஆண்மைக் குறைபாட்டுக்கான மருந்துகளில் சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும் டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் இந்த ஸ்ப்ரேயைப் பாவிக்கவே கூடாது. வீட்டில் சொல்லாமல் எடுக்கும் மருந்தானாலும் வைத்தியருக்கும் அம்புலன்ஸ்காரருக்கும் சொல்லியாக வேண்டும். நீங்களே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்: அம்புலன்ஸில் வருபவர்கள் வாசலிலேயே ஈசிஜி (இருதயத்தின் மின்பதிவு) எடுத்து, அடைப்பைத் திறக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே உங்களைக் கொண்டுசெல்வார்கள்.