கீறல் மூடுறது செல் நகர்ந்தா, பெருகியா?

செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு பேசுறத நிறுத்தினா காயம் சீக்கிரம் மூடுமான்னு பாக்க, தட்டுல வளர்த்த செல் படலத்துல கீறிப் பாத்தீங்க. அந்தப் பேச்ச அடைக்கிற கார்பினாக்சலோன்ங்கிற மருந்து போட்ட வெல்ல (தட்டுல இருக்கிற குழியில) கீறல் சீக்கிரம் மூடுது, ஆனா ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் மாறுது, செல் நகருதா பெருகுதான்னே பிரிக்க முடியலன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல மைட்டோமைசின் சி 10 மைக்ரோகிராம்/மிலி, 2 மணி நேரம் வச்சு நல்லா கழுவிட்டு அப்புறம் கீறுங்க, டோஸ் உங்க செல்லுக்கு ஒத்துக்குதான்னு தனியா ஒரு வெல்ல பாத்துக்கோங்க. செல் ரெண்டா பிரிஞ்சு பெருகுறது நின்னுடும், அதுக்கப்புறமும் வேகமா மூடினா அது பெரும்பாலும் நகர்ந்து மூடுறதுதான். பிப்பெட் டிப்புல கீறினா அகலம் ஒரே மாதிரி வரவே வராது, அதனால 0 மணி பரப்போட ஒப்பிட்டு சதவீதமா போடுங்க, பிளேட் அடியில மார்க் பண்ணி அதே இடத்தையே படம் எடுங்க.

ஆனா எனக்கு பெரிய கவலை அந்த மருந்துதான். கார்பினாக்சலோன் கேப் ஜங்ஷன (பக்கத்து செல்லுங்க நேரடியா பேசிக்கிற வழிய) மட்டும் அடைக்காது, பானெக்சினையும் (செல் சவ்வுல இருக்கிற இன்னொரு வகை வழியையும்) அடைக்கும், கார்டிசால் மாத்துற என்சைமையும் தடுக்கும், அத மட்டும் நம்பி செல்லுங்க பேசுறது நின்னதாலதான் மூடுச்சுன்னு சொல்லவே கூடாதுங்க. கேப்27 பெப்டைடு (கேப் ஜங்ஷன அடைக்கிற சின்ன புரதத் துண்டு) இல்லனா கனெக்சின் 43க்கு (கேப் ஜங்ஷன கட்டுற புரதத்துக்கு) எஸ்ஐஆர்என்ஏ (அந்தப் புரதம் உருவாகுறத குறைக்கிற சின்ன ஆர்என்ஏ) வச்சு திரும்பப் பண்ணுங்க, லூசிஃபர் யெல்லோங்கிற ஒளிர்ற சாயம் பக்கத்து செல்லுக்குப் பரவுறது உண்மையிலயே குறையுதான்னும் பாருங்க.

உங்க ஐடியா நல்ல ஐடியாதான், விட்டுடாதீங்க. சாதாரண தோல் காயத்துல ஓரத்து செல்லுங்க கனெக்சின் 43ஐ முதல் 1-2 நாள்ல குறைச்சுட்டுதான் நகர ஆரம்பிக்குது, சர்க்கரை வியாதி இருக்கிற எலிங்கள்ல அது குறையாம கூடுது, காயமும் லேட்டாதான் ஆறுது. கன்ட்ரோல் படத்தையும் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.