வீட்டில் வயதானவர் விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தூக்காமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தப்பே தூக்கியதுதான்.

யாங்கோனில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. குளியலறையில் அப்பத்தா விழுந்த சத்தம் கேட்டு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஓடி, ஆளுக்கொரு அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினோம். அப்பத்தா போட்ட கூச்சலில் கீழ்வீட்டு ஆட்களே மேலே வந்துவிட்டார்கள். கட்டிலில் கிடத்திய பிறகுதான் கவனித்தேன்: இடது கால் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு மூட்டுப் பக்கம் எலும்பு முறிந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்குமாம். விழுந்த இடத்திலேயே போர்வையைப் போர்த்திவிட்டு ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்க வேண்டும்.

சரி, காத்திருக்கும்போது என்ன பார்ப்பது? “அப்பத்தா, என்னைத் தெரியுதா?” என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பதில் இல்லையென்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று 10 வினாடி பாருங்கள். மூச்சே இல்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும்.

நம்ம ஊர்க் கிழவிகளிடம் இன்னும் இரண்டு சிக்கல். கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டையை அரைத்துப் பூசும் பூச்சு) அப்பியிருந்தால் முகம் வெளுத்ததே தெரியாது. கீழ் இமையை லேசாக இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். வெற்றிலைச் சாயம் உதட்டில் ஏறியிருந்தால் நீலம் பாய்ந்தது தெரியாது, நகத்தைப் பாருங்கள். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பச் சொல்லுங்கள். மயங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுங்கள், தொண்டைக்குள் விரல் விட வேண்டாம். அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீரும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். தண்ணீர்ச் செம்போடு ஓடிவர யாராவது ஒருவர் நிச்சயம் இருப்பார்!

வழுக்கி விழுந்தாரா, தலை சுற்றி விழுந்தாரா என்று கேளுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே இருந்து, நன்றாக விழுங்கவும் முடிந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வீக்கமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

அப்பத்தா இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். கீழே வருபவர்கள் இழுத்து மணியடிக்க, இங்கே பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கவிடும் மணிக்கயிறு மாதிரி ஒன்றைக் குளியலறையிலும் கட்டிவைத்திருக்கிறேன். பெரும்பாலும் சோப்பு கேட்டுத்தான் அடிக்கிறார்.