பிரியாணிக்கு முந்தின நாள் நடை

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் பிரியாணி. சாப்பிட்ட கையோடு அரை மணி நேரம் நடந்தால் கொழுப்பு கரைந்துவிடுமா, டாக்டர்? (வாசகர், ஆம்பூர்)

கரையாது. நீங்கள் நடந்து முடிக்கும்போது பிரியாணியில் பெரும்பங்கு இன்னும் வயிற்றில்தான் இருக்கும். கொழுப்புக்கு அவசரமே கிடையாது. சிறுகுடலில் பித்தநீரோடு கலந்து செரித்து, கைலோமைக்ரான் என்ற நுண்துளிகளாகி, நிணநீர் நாளங்கள் வழியே சுற்றிக்கொண்டுதான் ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) உச்சத்தைத் தொட 3, 4 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ரத்தம் எடுத்துச் சுழற்றி வைத்தால், குழாயில் மேலே தெளிவாக நிற்க வேண்டிய மஞ்சள் நீர் சிலருக்கு நீர்மோர் மாதிரி கலங்கியிருக்கும். லேப்காரர்களுக்குப் பழகிய காட்சி.

இதற்குக் கைகொடுப்பது சனிக்கிழமை மாலை நடந்த நடை. தசைகளில் உள்ள மெல்லிய ரத்தத் தந்துகிகளின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்றொரு நொதி ஒட்டியிருக்கிறது. ஓடிவரும் கொழுப்புத் துளியைப் பிடித்து உடைத்துத் தசைக்குள் அனுப்புவது அதன் வேலை. நடந்த தசையில் இது கூடும். ஆனால் உடனே இல்லை, பல மணி நேரம் கழித்து. முந்தின நாள் ஒன்றிரண்டு மணி நேரம் மிதமாக நடந்தவர்களுக்கு, மறுநாள் கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் ட்ரைகிளிசரைடு ஏற்றம் சுமார் கால்வாசி குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும்.

அதற்காகச் சாப்பிட்ட பின் நடப்பதை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை ஏறாமல் இருக்க அது நல்லது.

வார நாட்களில் நேரமில்லை. ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நடக்கிறேன். போதாதா? (வாசகி, சென்னை)

சும்மா இருப்பதற்கு எவ்வளவோ மேல். ஆனால் நான் மேலே சொன்ன பலன் இரண்டு, மூன்று நாளில் தேய்ந்துவிடும். வங்கியில் போட்டு வைக்க முடியாத சமாச்சாரம் இது. புதன்கிழமை சாப்பிடும் வடைக்கு ஞாயிறு நடை உதவாது. நாள்தோறும் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் இந்தப் பலன் கிடைக்கிறது. பஸ் நிறுத்தம் வரை நடப்பதும் கணக்கில் சேரும்.

நடந்து முடித்ததும் நண்பர்களோடு டீ, இரண்டு வடை. தவறா? (வாசகர், மதுரை)

நட்புக்கு நல்லது! மற்றபடி கணக்குப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்து செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிட முக்கியம், செலவான சக்தியை உடனே சாப்பாட்டால் ஈடுகட்டிவிட்டால், மறுநாள் கொழுப்பைக் கையாளும் அந்தப் பலனும் பெருமளவு சுருங்கிவிடுகிறது. டீயோடு நிறுத்திக்கொள்ளலாம், சர்க்கரை கொஞ்சமாக.

வியர்க்க வியர்க்க ஓடினால்தான் கொழுப்பு எரியும் என்கிறார் ஜிம் பயிற்சியாளர். (வாசகர், கோவை)

வியர்வை உடம்பைக் குளிர்விக்கத்தான். அதில் கொழுப்பு வெளியேறுவதில்லை. கடுமையாக ஓடும்போது தசை சர்க்கரையைத்தான் அதிகம் தேடும். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் கொழுப்பின் பங்கு கூடுதல். அதே நேரம், ஓடினால் மொத்தச் செலவு அதிகம். எடை குறைய அந்த மொத்தம்தான் முக்கியம். ஆகவே உங்கள் முட்டி எதற்கு ஒத்துக்கொள்கிறதோ, அதைச் செய்யுங்கள்.

லிப்பிட் டெஸ்டுக்கு (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) முந்தின நாள் நடந்தால் ரிசல்ட் மாறுமா? (வாசகி, திருச்சி)

ட்ரைகிளிசரைடு கொஞ்சம் குறைவாகக் காட்டலாம். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அவ்வளவாக அசையாது. வழக்கமாக நடப்பவர் வழக்கம்போல நடக்கலாம். டெஸ்ட் என்று பயந்து அன்றைக்கு மட்டும் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டாம். ரிப்போர்ட் அழகாக வரும், டாக்டர்தான் ஏமாந்துபோவார்.